முப்பத்தொன்றாம் டப்பா

லவுத், லிங்கன்ஷைர்
பிப்ரவரி 3, 2024

அன்புள்ள ஹெஸ்டர்,

வருடத்துக்கு ஒரு கடிதம், அதுவும் டொமினிக் இறந்த மாதத்தில் என்று நாம் வைத்துக்கொண்ட ஏற்பாட்டை இந்த வருடமும் நான் மீறவில்லை. விவாகரத்தான கணவனிடம் இதற்கு மேல் ஒழுங்கை நீ எதிர்பார்க்கக் கூடாது. நம் பையன் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. நேற்று கல்லறைக்குப் போனேன். எனக்கு முன்பே ஒரு மலர்வளையம் வந்திருந்தது. அட்டையில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் பூ அனுப்புகிறவள் இந்த நாட்டில் நீ ஒருத்திதான்.

செப்டம்பர் மாதப் பழைய கார்ப் பாகச் சந்தைக்கான படிவம் வந்துவிட்டது. பிப்ரவரி முடிவதற்குள் பணம் கட்டாவிட்டால், முப்பத்திரண்டு வருடமாக நான் கடை போடும் அந்த ஓக் மரத்தடி, வரிசையில் காத்திருக்கும் யாரோ ஒருவருக்குப் போய்விடும். ஒரு வருடம் விட்டால் விட்டதுதான். கட்டணம் மறுபடி ஏறியிருக்கிறது. முன்பெல்லாம் வேனிலேயே படுத்துக்கொள்வோம். இப்போது அதற்குத் தனியாகக் காசு. யாராவது என் கூடாரக் கயிற்றில் தடுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று காப்பீட்டுக்கு வேறு. போய்வர டீசல், உனக்கே தெரியும். சனி ஞாயிறு இரண்டு நாளும் மழையில் நின்று விற்பதில், முதல் நாள் முழுவதும் அந்த நிலத்துக்கே போய்விடுகிறது.

சரி, இணையத்தில் விற்கலாமே என்பாய். தளத்துக்காரர்கள் பொருளின் விலையில் மட்டுமல்ல, தபால் செலவிலும் பங்கு எடுக்கிறார்கள். தபால்தலைக்குக் கமிஷன்! கடல் தாண்டினால் சுங்கப் படிவம் மூன்று தாள். போன மாதம் ஒரு கார்புரேட்டர் ரோட்டர்டாம் வரை போய், படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டு பயணத்துக்கும் நான்தான் அழுதேன்.

ஒரே ஆறுதல், பிரிஸ்டலில் ஆஷ்டவுன் என்று ஒரு வாடிக்கையாளர். பேரம் பேசுவதில்லை, பொருளைத் திருப்பி அனுப்புவதில்லை, 'இது துருப்பிடித்திருக்கிறதே' என்று தொண்ணூறு வருடப் பழைய பொருளைப் பற்றிப் புகார் எழுதுவதில்லை. அப்படிப் பத்துப் பேர் இருந்தால் போதும்.

டொமினிக்கின் வண்டி பத்திரமாக இருக்கிறது. கொட்டகைக்குப் போய், அவன் பாகங்களைப் போட்டு வைத்த டப்பாக்களைத் தூசு தட்டினேன். இந்தக் கோடையில் பூட்டத் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

லெஸ்லி


லட்லோ, ஷ்ரோப்ஷைர்
பிப்ரவரி 11

லெஸ்லி,

கடிதம் கிடைத்தது. கட்டணங்களைப் பற்றிய உன் புலம்பலை இரண்டு முறை படித்தேன். முப்பது வருடம் பள்ளியில் லத்தீன் கற்பித்தவள் என்பதால் ஒரே வினைச்சொல்லைப் பல வடிவங்களில் படிப்பது எனக்குப் பழக்கம்: ஏறியது, ஏறுகிறது, ஏறும்.

'இந்தக் கோடையில் பூட்டத் தொடங்கலாம்' என்பது உன் பதினோராவது கோடை. டொமினிக்கை அடக்கம் செய்த அன்று, தேவாலய வாசலில், இருபது பேர் கேட்க நீ சொன்னாய்: "அவன் பிரிச்சுப் போட்டதை நான் பூட்டுறேன். அது வரைக்கும் ஒரு ஆணியும் வெளியே போகாது." 1934-ல் செய்த அந்த ரைலி காரில், இயந்திரம், அச்சு, அடிச்சட்டம் போன்ற பெரியவை தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் முப்பத்தொரு பிஸ்கட் டப்பாக்களில் அடக்கிவிட்டுப் போனான். ஒவ்வொரு மூடியிலும் அவன் கையெழுத்து. நான்காவது: 'சக்கர மூடிகள். அப்பா தொடக்கூடாது.' பன்னிரண்டாவது: 'விளக்குக் கம்பிகள். அப்பா தொட்டுவிட்டார்.' நான் எதையும் மறப்பதில்லை. அது ஒரு நோய், மருந்து கண்டுபிடிக்கவில்லை.

எனக்கு முப்பத்தொன்றாவது டப்பா வேண்டும். அதன் மூடியில் எழுதியிருப்பது உனக்கு நினைவிருக்கும்: 'எது எங்கே என்று தெரியாதவை. அம்மாவைக் கேள்.' அது என் பெயருக்கு எழுதப்பட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். சிறிய டப்பாதான், தபால் செலவை நான் தருகிறேன். கமிஷன் கிடையாது.

ஹெஸ்டர்


லவுத்
பிப்ரவரி 20

அன்புள்ள ஹெஸ்டர்,

இங்கே கடும் குளிர். கொட்டகைப் பூட்டு உறைந்துவிட்டது. முதுகும் ஒத்துழைக்கவில்லை. மார்ச் வரட்டும், எடுத்து அனுப்புகிறேன். ஒரு சின்ன டப்பாவுக்கு இப்போது என்ன அவசரம்?

சந்தைக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். ராய் போன் செய்தான். எனக்குப் பக்கத்தில் விளக்கும் ஹாரனும் விற்பானே, அந்தப் பெரிய ராய். "கட்டிட்டியா கெழவா?" என்றான். "கட்டிட்டேன்" என்றேன். "நல்லவேளை. உன் இடத்துக்கு ஒரு சோப்புக் கடைக்காரி மனு போட்டிருக்காளாம். லாவண்டர் சோப்பு! நான் அந்த வாசனையில நாள் பூரா நிக்கணுமா? உன் எண்ணெய் நாத்தமே தேவலை" என்றான். பிறகு, "டொமினிக் இருந்திருந்தா அவளுக்கே சோப்பு வித்திருப்பான்" என்றான்.

உனக்கு இதெல்லாம் அற்பமாகத் தோன்றும்.

லெஸ்லி


லட்லோ
மார்ச் 2

லெஸ்லி,

மார்ச் வந்துவிட்டது. முப்பத்தொன்றாவது டப்பாவை அனுப்பு. இல்லையென்றால் அது எங்கே என்று எழுது.

ஹெஸ்டர்


லவுத்
மார்ச் 19

ஹெஸ்டர்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

டப்பா இல்லை. போன செப்டம்பரில் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் சந்தை எப்படி இருக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். இருபது வருடம் என்னோடு நின்றவள். கொண்டுவந்த இரும்பை வீட்டுக்குத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனால் எடைக்கு எடை டீசல். அதனால் அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாரும் ஞாயிற்றுப் பெட்டி கட்டுவோம். எந்த வண்டியுடையது என்று பெயர் சொல்லத் தெரியாத சாமான்களை ஒரே பெட்டியில் கொட்டி, பெட்டியோடு ஐந்து பவுண்டு. பெயர் தெரியாததை யாரும் திருப்பி ஏற்றுவதில்லை. நாங்கள் யோசித்துச் செய்வதில்லை அதை. கை தானாகச் செய்யும்.

மழை கொட்டியது. மேசையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஒரு சுருள்வில், ஒரு பித்தளை வளையம், ஒரு சாவி, இன்னும் ஏதேதோ. எதுவென்று தெரியவில்லை. மூடியைப் பார்க்கவில்லை, ஹெஸ்டர். உள்ளே இருந்ததை மட்டும் பார்த்தேன். டப்பாவோடு போட்டேன்.

தொப்பி போட்ட ஒரு ஆள் வந்தான். "என்னய்யா இருக்கு இதுல?" என்றான். "எனக்கே தெரியாது. தெரிஞ்சா அஞ்சு பவுண்டுக்குக் குடுப்பேனா?" என்றேன். "தெரியாததுக்கு அஞ்சா? மூணு." ராய் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான்: "ஏம்ப்பா, மழையில நிக்கிற கெழவன்கிட்டப் பேரம் பேசுறியே, உங்கம்மா பார்த்தா என்ன சொல்லுவாங்க?" அந்த ஆள் அசரவில்லை. "எங்கம்மா ரெண்டுக்குக் கேட்டிருப்பாங்க" என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மூன்றுக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து வேனை இறக்கும்போதுதான் தெரிந்தது.

எப்படியோ தவறுதலாக மற்ற சாமான்களோடு அது வேனில் ஏறியிருக்கிறது. மீதி முப்பதும் கொட்டகையில் பத்திரமாக இருக்கின்றன. சத்தியமாகச் சொல்கிறேன்.

லெஸ்லி


லட்லோ
மார்ச் 27

லெஸ்லி,

சத்தியம் செய்யாதிருந்திருக்கலாம். அதுவரை உன் கடிதத்தில் எனக்கு ஓரளவு மரியாதை இருந்தது.

மீதி முப்பதும் உன் கொட்டகையில் இல்லை. என் சாப்பாட்டு அறையில் இருக்கின்றன. சுவர் ஓரமாக, எண் வரிசைப்படி. விருந்தினர் யாரும் வருவதில்லை. வந்தால் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன், உன் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் அற்ப ஆர்வத்தில் நீ விற்கும் தளத்தைத் திறந்தேன். ஒரு படத்தில் நான்கு சக்கர மூடிகள். பக்கத்தில் ஒரு டப்பா மூடி. அதில் என் மகனின் கையெழுத்தில் 'அப்பா தொடக்கூடாது'. நீ அதைப் படத்திலிருந்து வெட்டக்கூட மெனக்கெடவில்லை. நான் இணையம் பக்கமே போகமாட்டேன் என்ற உன் நம்பிக்கை என்னை அன்று கொஞ்சம் புண்படுத்தியது.

பிரிஸ்டலில் பெனலபி ஆஷ்டவுன் என் பழைய மாணவி. லத்தீனில் சுமார்தான், ஆனால் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவள். அவள் பெயரில் நான் வாங்கினேன். அந்த வண்டியிலிருந்து நீ தளத்தில் ஏற்றிய ஒவ்வொன்றையும். இயந்திரத்தைப் பலகையில் கட்டி லாரியில் அனுப்பினாயே, அது அவள் கணவரின் கார் நிற்கும் இடத்தில் போர்வை போர்த்திக் கிடக்கிறது. அவர் தன் காரைத் தெருவில் நிறுத்துகிறார். புதிய அட்டைப்பெட்டி விலை ஏறிவிட்டது என்று அந்த டப்பாக்களிலேயே வைத்து அனுப்பினாய். உன் கஞ்சத்தனத்துக்கு வாழ்நாளில் ஒரே முறை நன்றி சொல்கிறேன். பிரிஸ்டலுக்கு ஒரு தபால், அங்கிருந்து எனக்கு ஒரு தபால். நடுவில் தளத்தின் பங்கு. நம் மகனை நீ விற்க, நான் வாங்க, ஒவ்வொரு முறையும் எவனோ ஒருவன் நடுவில் நின்று எட்டில் ஒரு பங்கை வெட்டி எடுத்துக்கொண்டு போனான். உன் ஓக் மரத்தடிக்கு மூன்று வருடமாகக் கட்டணம் கட்டியது என் ஓய்வூதியம்.

முப்பதாவது வந்துசேர்ந்த போன செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு நாளும் மாலைத் தேநீருக்குப் பிறகு தளத்தைத் திறந்து முப்பத்தொன்றாவது டப்பாவுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அதனால்தான் கேட்டேன். நீயாகச் சொல்வாய் என்று மூன்று வருடம் இருந்துபார்த்தேன், நீ தூசு தட்டியதாக எழுதினாய்.

வண்டியின் அடிச்சட்டத்தை மட்டும் நீ இன்னும் விற்கவில்லை. விற்றாலும் வாங்க என்னிடம் பணம் இல்லை. ஏன் செய்தாய் என்று ஒருமுறை எழுது. அந்தத் தொப்பிக்காரன் யார் என்று கண்டுபிடி.

ஹெஸ்டர்


லவுத்
ஏப்ரல் 22

ஹெஸ்டர்,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் திரிந்தேன். திட்டி எழுதியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நீ வாங்கினாய் என்று எழுதியிருக்கிறாய்.

முதலில் சக்கர மூடிகளைத்தான் விற்றேன். ஒரு வருடக் கட்டணத்துக்கு மட்டும், அடுத்த வருடம் அதே போல நான்கு வாங்கி வைத்துவிடலாம் என்று. அடுத்த வருடம் கட்டணம் இன்னும் ஏறியது. மூடிக்குப் பிறகு விளக்கு, பிறகு அச்சு. கடைசியில் கொட்டகையில் சட்டம் மட்டும் நின்றது. போன செப்டம்பரில் முப்பத்தொன்றாவது டப்பா 'தவறுதலாக' வேனில் ஏறவில்லை. மேசைக்குச் சாமான் போதவில்லை என்று நான்தான் ஏற்றினேன். டப்பாவின் மூடியைப் பார்க்கவில்லை என்பது மட்டும் உண்மை. எந்த மூடியையும் நான் பார்ப்பதில்லை. பார்த்தால் விற்க முடியாது.

ஏன் என்று கேட்டாய். லவுத்தில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. பேக்கரியில், மருந்துக்கடையில், நான் உள்ளே போனால் எல்லாரும் வானிலையைப் பேசுகிறார்கள். அந்த மைதானத்தில் மட்டும் வருடத்துக்கு இரண்டு நாள் நான் டொமினிக்கோட அப்பா. ராய் சொல்லுவான். டீ வண்டிக்காரி சொல்லுவாள்: "உங்க பையன் என்கிட்ட ஒரு பேக்கன் ரொட்டிக்குக் கடன் சொல்லிட்டுப் போனான், ஞாபகம் இருக்கா? வந்து குடுக்கச் சொல்லுங்க." செத்துப்போனவனைப் பற்றிக் கேட்பது போலவே கேட்க மாட்டாள். ஹெஸ்டர், அந்த இரண்டு நாளுக்காகத்தான். வண்டி உனக்கு அவன். எனக்கு அந்தப் பத்தடிப் புல்தரை. ஒன்றைக் காப்பாற்ற மற்றதைச் செலவழித்தேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

தொப்பிக்காரனைக் கண்டுபிடித்துவிட்டேன். ராய்தான் எல்லாரிடமும் விசாரித்தான். வேறொரு ஊரில் நடந்த வசந்தச் சந்தைக்கு வந்திருந்தான், ராயோடு போய்ப் பார்த்தேன்; பெயர் ஹட்சன், டான்காஸ்டர்காரன். கெட்டவன் இல்லை. "அந்தப் பெட்டியா? பித்தளையை எல்லாம் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டேனே. ஒரு பைன்ட் பீர் தேறிச்சு" என்றான். "சாவி ஒண்ணு இருந்திருக்குமே?" என்றேன். "அதுவுந்தான். டப்பா மட்டும் நல்லா இருந்துச்சு, ஆணி போட்டு வச்சிருக்கேன்." வேனிலிருந்து எடுத்துக் காட்டினான். மூடியில் எழுத்து அப்படியே இருந்தது. "எவ்வளவு?" என்றேன். கொஞ்சம் யோசித்தான். "பெட்டியோட மூணு குடுத்தேன். டப்பா மட்டும்னா... அஞ்சு."

ராய் அவனை அடிக்கப் போனான். நான் தடுத்து ஐந்தைக் கொடுத்தேன். விலை எல்லாம் ஏறிவிட்டதே. இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஆணிகளை அவனுக்கே கொட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஓக் மரத்தடியை விட்டுவிட்டதாகச் சந்தை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். கட்டிய பணம் திரும்பாதாம். பரவாயில்லை, அது உன் பணம் என்பதுதான் உறுத்துகிறது. சோப்புக்காரி வருகிறாள்.

சட்டத்தை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு லட்லோவுக்கு வரட்டுமா? பூட்டித் தருகிறேன். இந்த முறை நிஜமாக.

லெஸ்லி


லட்லோ
மே 6

லெஸ்லி,

டப்பா வந்தது. உள்ளே ஆணித்துருவின் வாசனை. கழுவவில்லை. முப்பதுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வரிசை முழுமையாகிவிட்டது. ஒரு நூலகம் இப்படித்தான் முழுமையாகும். எல்லா அட்டைகளும் இருக்கும், ஒரு புத்தகத்தில் பக்கங்கள் மட்டும் இருக்காது.

வண்டியைப் பூட்ட வராதே. உன் கை நடுங்குகிறது. பிப்ரவரிக் கடிதத்தைவிட ஏப்ரல் கடிதத்தில் எழுத்து இன்னும் மோசம், முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவளிடம் இதை மறைக்க முடியாது. எனக்கும் குனிந்தால் நிமிர முடியாது. நாம் இருவரும் சேர்ந்து பூட்டினால் அந்த வண்டி பின்னோக்கி மட்டும்தான் போகும். சட்டத்தை விற்றுவிடு. ஆஷ்டவுன் இந்த முறை வாங்கமாட்டார்.

உன்னை மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை, கேட்காதது நல்லது. எனக்கே தெரியாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, எனக்குப் பிடிக்காத வேலை அது. முதல் படத்தைப் பார்த்த அன்று நான் உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். 'பணம் வேண்டுமானால் கேள், அவனை விற்காதே.' ஒரு தபால்தலை போதும். நான் எழுதவில்லை. நீ கையும் களவுமாக அகப்பட்டு நிற்பதைப் பார்க்கும் ஆசையில், ஒவ்வொரு டப்பாவையும் வாங்கி வாங்கி உனக்கு எதிராக அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ வெட்கத்தோடு விற்றாய். நான் பெருமையோடு வாங்கினேன். எது கீழானது என்று எந்த இலக்கணமும் சொல்வதில்லை.

அந்தப் பத்தடிப் புல்தரை உனக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. அட்டையில் எழுதாமல் பூ அனுப்புகிறவளிடம் அவன் பெயரைச் சொல்லும் ஒரு இடம் இருக்கிறது என்று நீயும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் செப்டம்பரில் வந்து நின்றிருப்பேன். டீ வண்டிக்காரியின் பாக்கியைக் கொடுத்திருப்பேன்.

அவன் அந்த வண்டியைப் பிரித்த மூன்று வாரமும் நான் உன் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனையிலிருந்து அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்த மூன்று வாரம். கையில் புத்தகம். ஒரு பக்கமும் திருப்பவில்லை. அவன் கழற்றிய ஒவ்வொன்றையும் பார்த்தேன். சோர்வில் அவன் சிலதை மறந்தான். நான் மறக்கவில்லை. அதை அவன் அறிந்திருந்தான்; அதனால்தான் மூடியில் அப்படி எழுதினான்.

முப்பத்தொன்றாவது டப்பாவில் பதினொரு பொருள்கள் இருந்தன. அந்தச் சுருள்வில், பயணி பக்கத்தில் சில்லறைச் சாமான் வைக்கும் சின்ன அறையின் கதவுக்கு உள்ளே இருப்பது. பித்தளை வளையம், கண்ணாடி துடைப்பான் தண்டின் பின்னால் வருவது; அது இல்லாவிட்டால் மழைநீர் உன் முழங்காலில் சொட்டும். சாவி அந்த வண்டியுடையதே அல்ல. லவுத் வீட்டின் பின்கதவுச் சாவி. விவாகரத்தின்போது எல்லாவற்றையும் உன்னிடம் திருப்பித் தந்தேன், அதைத் தவிர. டொமினிக்கிடம் கொடுத்து வைத்திருந்தேன். எதைத் திறக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அதையும் அந்த டப்பாவில் போட்டான்.

நீ கேட்பாய் என்று நினைத்திருக்கிறான்.

இன்னும் எட்டுப் பொருள்கள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு கடிதம் என்ற ஏற்பாட்டில் உனக்கும் எனக்கும் அவ்வளவு பிப்ரவரிகள் மீதி இல்லை. ஆகவே அந்த ஏற்பாட்டை இன்றோடு ரத்து செய்கிறேன்.

கேள்.

ஹெஸ்டர்